ட்ராக்கில் கற்றது பூந்தமல்லி வரை வருமா?

"ட்ராக் டே போனா ரோட்லயும் சேஃபா ஓட்டலாம்னு சொல்றாங்களே, உண்மையா?" அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், தெருமுனை டீக்கடையில் பக்கத்துத் தெருப் பையன் கேட்டான், மைத்துனன் போன் போட்டே கேட்டான். ட்ராக் டே நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். பைக் வைத்திருக்கும் ஆண்கள் வீட்டில் அனுமதி வாங்கவும் இதைவிட நல்ல வாக்கியம் இதுவரை கிடைக்கவில்லை. "ரேஸ் இல்லம்மா, சேஃப்டி ட்ரெய்னிங்."

எனக்கு அதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. ட்ராக் டே போகாதே என்று சொல்லவில்லை, நானே போய்க்கொண்டுதான் இருக்கிறேன், அடுத்ததுக்கும் போவேன். ஆனால் அங்கே கற்பதில் எது சாலைக்கு வருகிறது, எது வருவதில்லை, எது வரவே கூடாது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதை எழுதிவிடலாம் என்றுதான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதுவரை போகாதவர்களுக்கு. ட்ராக் டே என்பது பந்தயம் கிடையாது. பரிசு இல்லை, வரிசையாக நிறுத்திக் கிளப்பிவிடும் கிரிட் இல்லை, பெரும்பாலும் லேப் டைமும் எடுக்கமாட்டார்கள். பணம் கட்டினால் ஒரு நாள் முழுக்க பந்தய ட்ராக்கைத் திறந்துவிடுவார்கள். வருகிறவர்களைப் புதியவர், பழகியவர், வேகமானவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மணிக்கு ஒருமுறை பதினைந்து இருபது நிமிடம், அதுதான் ஒரு செஷன். எதிரே வண்டி வராது, நாய் வராது, ஸ்பீடு பிரேக்கர் இல்லை, தப்பாக யூ டர்ன் போடும் ஆட்டோ இல்லை. சென்னைக்காரர்களுக்கு இது இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறதே, அந்தப் பக்கம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த ட்ராக். 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர், ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் எம்எம்ஆர்டி (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக்) என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்த ரேசர் கரிவர்தன் பெயரில் உள்ள ட்ராக், சுமார் 2 கிலோமீட்டர்தான், அதுவும் முன்பு ஓடுபாதையாக இருந்த இடமே. தமிழ்நாட்டு மோட்டார் பந்தயத்துக்கு விமானம் இறங்கிய தரையோடு ஏதோ பழைய சொந்தம் இருக்கிறது போல.

இந்த ட்ராக்குகளில் ஓடி வளர்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 2011இல் உலக சாம்பியன்ஷிப்பின் 125 சிசி பிரிவில் ஓட்டிய சரத்குமார் சென்னைக்காரர். நடிகரைச் சொல்லவில்லை. அப்போது அந்தச் செய்தி பேப்பரில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்று தெரியவில்லை.

என் பைக் அப்பாச்சி ஆர்ஆர் 310, ஓசூரில் செய்தது, பழைய மாடல், 34 குதிரைத்திறன். பேடக்கில் (ட்ராக்கில் பைக்குகளை நிறுத்திவைக்கும் இடம்) பக்கத்தில் நிற்கும் லிட்டர் பைக்குகளில், அதாவது 1000 சிசி பைக்குகளில், சில 200ஐத் தாண்டும். அதைப் பற்றிப் பிறகு.

காலையில் முதல் வேலை ஸ்க்ரூட்டினி, அதாவது சோதனை. கண்ணாடிகளைக் கழற்றி வைக்க வேண்டும், ஹெட்லைட், இண்டிகேட்டர், டெயில் லைட் மேல் டேப் ஒட்ட வேண்டும், விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் ட்ராக்கில் சிதறக்கூடாது. செயின் தளர்வு, பிரேக் பேட், ஆயில் கசிவு, த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) விட்டால் தானாகத் திரும்புகிறதா, எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் நம்மைப் பார்ப்பார்கள். முழு முக ஹெல்மெட், லெதர் சூட் (இரண்டு பகுதி என்றால் இடுப்பில் ஜிப் போட்டு இணைய வேண்டும்), மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முதுகுக்குக் காப்பு. இதில் ஒன்று குறைந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஓஎம்ஆரில் அரைக்கால் சட்டையும் செருப்புமாக கேடிஎம் 390 ஓட்டும் தம்பிகள் இங்கே வந்தால் காலை எட்டு மணிக்கே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சாலைக்கு வரும் முதல் பாடம் இங்கேயே இருக்கிறது, டயர் காற்று. காலையில் குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்தால், ஒரு செஷன் ஓட்டிவிட்டு வரும்போது 34, 35 வரை ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், பள்ளிக்கூட இயற்பியல்தான். காற்று அதிகமானால் டயர் விறைத்துக்கொண்டு தரையில் பதியும் பரப்பு குறைகிறது. அதனால்தான் சாலையில் வைப்பதைவிடக் குறைவாக வைத்துத் தொடங்கி, சூடாக வந்த உடனே மறுபடி அளந்து சரி செய்கிறோம். இந்த வெயிலில் காலை ஒன்பது மணி அளவும் மதியம் ஒரு மணி அளவும் ஒன்றாக இருக்காது. இதைப் பார்த்த பிறகு பெட்ரோல் பங்க்கில் "எவ்ளோ வைக்கட்டும் சார்" என்று கேட்கும்போது "நீங்களே பாத்து வைங்க" என்று சொல்ல வாய் வராது.

அடுத்து, ட்ராக் ஓரம் நிற்கும் மார்ஷல்கள் காட்டும் கொடிகள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்குகிறது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், உன் பாதையிலேயே போ, பதறி விலகாதே. கறுப்பு உனக்கு மட்டும், உள்ளே வா. சிவப்பு எல்லோருக்கும், செஷன் நிறுத்தம். புதியவர்கள் குழுவில் வளைவின் உள்பக்கம் நுழைந்து முந்த விடமாட்டார்கள், வெளிப்பக்கமாக ஆறடி இடம் விட்டுத்தான் முந்த வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் ஜிஎஸ்டி ரோட்டில் கொண்டுவந்தால் போதும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, உள்ளே போகலாம்.

முதல் சில சுற்றுகளில் எல்லோருக்கும் நடப்பது ஒன்றுதான். ட்ராக் எவ்வளவு அகலம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நேர்ப்பாதையில் அடித்துப் பிடித்துப் போய், வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் போட்டு, தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் கால்வாசி வேகத்தில் உருண்டு, வெளியே வந்து மறுபடி முறுக்குவது. கேட்க ஆக்ரோஷமாக இருக்கும், சுற்று நேரம் மோசமாக இருக்கும். எங்கள் குழுவைக் கவனித்துக்கொண்ட பயிற்சியாளர் (நாற்பதைத் தாண்டிய பழைய ரேசர், எல்லோரையும் "தம்பி" என்பார், ஆனால் "ங்க" விடமாட்டார்) முதல் செஷன் முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, எதைப் பாத்து ஓட்டுனீங்க?" நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். "முன்னாடி போற பைக்கை" என்றார் ஒருவர். "அப்ப அவரு மண்ணுக்குள்ள போனா நீங்களும் போவீங்க" என்றார்.

கண் போகும் இடத்துக்குத்தான் பைக் போகும் என்று ஆயிரம் வீடியோ சொல்லும். உடம்புக்குப் புரிவது சி1இல்தான். நேர்ப்பாதை முடிவில் வரும் வேகமான வலது வளைவு அது. சின்ன பைக்குகள் பெரிதாக வேகம் குறைக்காமலே நுழையும். சின்ன பைக்கில் வருகிறவனுக்குப் பயம் அங்கேதான், ஏனென்றால் வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்ற ஆறுதல் இல்லாமலே சாய வேண்டும். அந்த வேகத்தில் வெளி ஓரத்தைப் பார்த்தீர்கள் என்றால் கை இறுகிவிடும், கை இறுகினால் ஹேண்டில்பார் திரும்பாது, பைக் நிமிர்ந்துகொண்டு நீங்கள் பார்த்த அந்த ஓரத்துக்கே உங்களைக் கூட்டிப் போகும். வளைவின் உள்முனையைப் பார்த்து, அது வருவதற்கு முன்பே பார்வையை வெளியேறும் இடத்துக்கு நகர்த்தினால், அதே வேகம் திடீரென்று குறைந்தது போல இருக்கும். ஸ்பீடோமீட்டரில் எண் அதேதான் இருக்கும்.

அப்புறம் ஹேண்டில்பார். வலப்பக்கம் திரும்ப வலது பிடியை முன்னால் தள்ள வேண்டும். தினமும் பைக் ஓட்டும் எல்லோரும் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறோம், ஆனால் தெரிந்து செய்வது வேறு. எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் பைக் சாயும். சீக்கிரம் சாய்த்தால் குறைந்த சாய்விலேயே வளைவு முடிந்துவிடும், மெதுவாகச் சாய்த்தால் வளைவின் பின்பாதியில் கூடுதலாகச் சாய வேண்டிவரும். கணக்கு போட்டுப் பார்ப்பவர்களுக்கு: 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 80 கிமீ வேகத்தில் எடுக்க ஏறத்தாழ 45 டிகிரி சாய வேண்டும். அதே வளைவு 90இல் என்றால் 52 டிகிரி. பத்து கிலோமீட்டருக்கு ஏழு டிகிரி. டயருக்கு அகலம் இருப்பதால் பைக் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சாயும், அதை ஈடுகட்டத்தான் உடம்பை உள்பக்கம் தொங்கவிடுகிறோம். முழங்கால் தரையில் உரசுவது அதன் பக்க விளைவு, அவ்வளவுதான். முழங்கால் உரசவேண்டும் என்பதற்காகவே காலை அகட்டிக்கொண்டு, தலை மட்டும் பைக்கின் மறுபக்கம் இருக்கும்படி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்பவர்களை என்ன செய்வது? போட்டோ நன்றாகத்தான் வருகிறது. டயர் ஓரத்தில் தேயாத பட்டை தெரியக்கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கூட்டமும் உண்டு, அதற்கு இவர்கள் பரவாயில்லை.

த்ராட்டில் பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் 1980இல் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. அவர்களுடைய முதல் நிலையில் முதல் பாடமே இதுதான்: த்ராட்டிலைத் திறக்கத் தொடங்கிவிட்டால் வளைவு முடியும் வரை சீராக, வெட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ. ஏன் என்றால், லேசாகத் திறக்கும்போது எடை பின் சக்கரத்துக்கு நகர்கிறது. பின் டயர்தான் அகலமானது, பாரம் தாங்க வேண்டியதும் அதுதான். நடுவில் பயந்து மூடினால் எடை மொத்தமும் முன் டயரில் விழும், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் ஒல்லியான முன் டயர் பிடி விட்டால் அப்படியே தரையோடு சறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான், அதற்குப் பெயர் லோ சைட். பின் டயர் வழுக்கும்போது பதறி த்ராட்டிலை மூடினால் டயர் திடீரென்று பிடித்துக்கொண்டு ஓட்டுபவரைத் தூக்கி எறியும், அது ஹை சைட். முதலாவதில் பெரும்பாலும் எழுந்து நடந்து வருவார்கள். இரண்டாவதைப் பார்த்தபின் பேடக்கில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இதில் எது ரோட்டுக்கு வரும்?

பிரேக் வரும். அது சந்தேகமே இல்லை. முன் பிரேக்கைப் பிடிக்கப் பயப்படும் ஊர் நம்முடையது. "முன்னாடி பிரேக் புடிச்சா கவுந்துடும்" என்று மாமாக்கள் சொல்லிக் கொடுத்தே ஒரு தலைமுறை பின் பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு ஓட்டுகிறது. ட்ராக்கில் 150இலிருந்து 80க்கு வர, டயர் தாங்குகிற அளவுக்கு நன்றாகப் பிரேக் போட்டால், 70 மீட்டர் போதும். அதில் பெரும்பங்கு வேலை முன் பிரேக்குடையது. லீவரை ஒரே அடியாக நசுக்காமல், முதலில் லேசாகத் தொட்டு முன் ஃபோர்க் (சஸ்பென்ஷன்) இறங்கும் வரை அரைநொடி கொடுத்து, பிறகு இறுக்குவது, வளைவை நெருங்க நெருங்கத் தளர்த்துவது. இதை ஒரு நாளில் பல நூறு தடவை செய்துவிட்டால் விரல்களில் தங்கிவிடும். மழைக்காலத்தில் வடபழனி சிக்னலில் அந்த விரல்கள் எனக்கு உதவியிருக்கின்றன.

ஆனால் பாருங்கள், ட்ராக்கில் எங்கே பிரேக் போட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். பலகை இருக்கிறது, தரையில் ஒரு ஒட்டு இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அது அங்கேயே இருக்கும். சாலையில் கஷ்டமான வேலை பிரேக் போடுவது கிடையாது, பிரேக் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வது. 60 கிமீயில் போகும்போது ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறோம். நின்றுகொண்டிருக்கும் காரின் முன் சக்கரம் லேசாகத் திரும்பியிருப்பது, பஸ்ஸுக்கு அடியில் தெரியும் இரண்டு கால்கள், எதிர்ப்பக்கம் டிவைடரில் ஏறி நிற்கும் மாடு, இவற்றைப் பார்த்து மூளை முடிவெடுக்கும் அந்த ஒரு நொடிக்கு ட்ராக்கில் பயிற்சியே கிடையாது. அங்கே கால் தெரியாது, மாடு தெரியாது. பிரேக் தூரத்தில் ஐந்து மீட்டர் மிச்சம் பிடிக்கக் கற்றவன், தாமதமாகப் பார்த்ததால் பதினேழு மீட்டரைத் தொலைக்கலாம். நல்ல ட்ராக் ரைடர்கள் நகரத்தில் சின்னச் சின்னதாக இடித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் டிவிஎஸ் 50 ஓட்டி ஒரு கீறல்கூட விழாத பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதையில் கதை இன்னும் மோசம். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று கொல்லிமலைக்கு ட்ராக் முடித்த கையோடு கிளம்பும் கூட்டம் உண்டு. த்ராட்டில் பாடம் அங்கே அருமையாக வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். வளைவு முழுக்கப் பைக் பதறாமல் போகும். ஆனால் ட்ராக்கில் கற்ற பாதை, அதாவது வெளி ஓரத்திலிருந்து உள்முனையைத் தொட்டு மறுபடி வெளி ஓரம், அது மலையில் ஆளைக் கொல்லும். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. வலது வளைவின் உள்முனை என்பது நடுக்கோடு. டயர் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தாலும், வலப்பக்கம் சாய்ந்து உடம்பைத் தொங்கவிட்டால் தலை கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கும், அந்த உயரத்தில்தான் அரசு பஸ்ஸின் பம்பரும் வரும். மலையில் வலது வளைவுக்கு இடது ஓரமாக ஒட்டியே போக வேண்டும், வளைவின் மறுமுனை தெரிந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். எந்த ட்ராக் வகுப்பிலும் இதை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேகம் பற்றிய உணர்வு. நாள் முழுக்க 140, 150இல் ஓட்டிவிட்டு மாலை பெங்களூரு ரோட்டில் ஏறினால் 80 என்பது நிற்பது போல இருக்கும். உடம்பு களைத்திருக்கும், கழுத்தும் முன்கையும் வலிக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், மனசு மட்டும் இன்னும் சி1இல் இருக்கும். முன்னால் லாரிகள், பக்கத்தில் கம்பெனி பஸ்கள், ஷிஃப்ட் முடிந்து போகும் ஆயிரம் பைக்குகள். பூந்தமல்லி வருவதற்குள் ஆபத்தான ஓட்டுநர் யார் என்று கேட்டால், காலையில் "சேஃப்டி ட்ரெய்னிங்" என்று சொல்லிக் கிளம்பியவர்தான். அதனால் நானும் நண்பர்களும் இப்போதெல்லாம் பைக்குகளைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காரில் வந்துவிடுகிறோம். வாடகையைப் பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது. விழுந்து பைக் ஓட முடியாமல் போனாலும் வீட்டுக்கு எடுத்து வர வழி இருக்கிறது.

விழுவதைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. ட்ராக்கில் ஓரத்தில் மோத அதிகம் எதுவும் இருக்காது, ஆம்புலன்ஸ் நிற்கும், மார்ஷல்கள் ஓடி வருவார்கள், இது எல்லாம் உண்மை. ஆபத்தே இல்லை என்பது உண்மை இல்லை. 2023 ஆகஸ்டில் இதே ட்ராக்கில் தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில் பெங்களூருச் சிறுவன் ஷ்ரேயஸ் ஹரீஷ் விழுந்து உயிரிழந்தான். வயது 13. அது பந்தயம், ட்ராக் டே வேறு என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். தரை ஒன்றுதான். கிளம்புவதற்கு முன் வீட்டில் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், பாதியை மறைத்து "ட்ரெய்னிங்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொருந்தாது என்று போட்டிருக்கும். விழுந்தால் ஃபேரிங் (பைக்கைச் சுற்றியுள்ள வெளி உறை), லீவர், ஃபுட்பெக், எல்லாம் கைக்காசு. ஃபேரிங் விலையை ஷோரூமில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, மனசு தானாக அடங்கும்.

இப்போது சின்ன பைக், பெரிய பைக் விஷயம். "310 வச்சுக்கிட்டு ட்ராக்குக்கு எதுக்கு?" என்று கேட்கிறவர்களிடம் எனக்கு விவாதம் செய்ய ஆசையே இல்லை, ஒரு செஷன் பார்க்கச் சொல்வேன். நேர்ப்பாதையில் லிட்டர் பைக் என்னைக் கடந்து போகும் சத்தம் ஹெல்மெட்டுக்குள் காதை அடைக்கும். அடுத்த இறுக்கமான வளைவில் அதே பைக் எனக்கு முன்னால் நடுவழியில் நிற்கும், கோயில் தேர் திரும்புவது போல மெதுவாக. 200 குதிரைத்திறனை வைத்திருப்பவர் தப்பு செய்தால் அடுத்த நேர்ப்பாதை அதை மறைத்துவிடும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. வளைவில் 5 கிமீ வேகத்தைத் தேவையில்லாமல் விட்டால் அதைத் திரும்பப் பிடிக்க அடுத்த வளைவு வரை முக்க வேண்டும். அதனாலேயே ஆர்15, ஆர்சி 390, ஆர்ஆர் 310 ஓட்டுகிற பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் நண்பனின் பெரிய பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பைக்கும் போகும், நண்பனும் போவான்.

வெயில். இதை எழுத மறந்தால் என்னோடு வருகிறவர்கள் திட்டுவார்கள். லெதர் சூட்டுக்குள் சென்னை வெயில் என்ன செய்யும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது. ஏப்ரல், மே எனக்கு ஒத்துவராது, அந்த மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. மற்ற நாட்களிலும் செஷன் முடிந்து வந்ததும் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு, உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக்கூடாது. மதியம் பிரியாணி கட்டிவிட்டு இரண்டு மணி செஷனுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். கடைசி செஷனில்தான் நிறைய பேர் விழுகிறார்கள் என்பது பேடக்கில் எல்லோரும் சொல்வது, நான் பார்த்தவரை சரிதான். கவனம் தளர்ந்திருக்கும், "இன்னும் ஒரே ஒரு தடவை வேகமாப் போய்ப் பாத்துடலாம்" என்ற ஆசையும் இருக்கும். களைப்பாக இருந்தால் கடைசி செஷனை விட்டுவிடுங்கள், கட்டிய காசு போனால் போகட்டும்.

அப்போ எதற்குத்தான் போகிறாய் என்று கேட்டால், பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன். பைக்கை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அப்படி ஓட்ட நம் ஊரில் வேறு இடம் இல்லை. ராத்திரி ஈசிஆரிலும் மெரினா காமராஜர் சாலையிலும் பந்தயம் விட்டுப் போலீஸிடம் பைக்கைப் பறிகொடுக்கும் பையன்களுக்கும் இருப்பது இதே ஆசைதான், அவர்களுக்கு ட்ராக் டே கட்டணமும் லெதர் சூட்டும் எட்டாத விலை. அதுதான் இந்த விளையாட்டின் பெரிய சிக்கல், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். எல்லா உடுப்பையும் முதல் நாளே வாங்காதீர்கள் என்பதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன். சூட் வாடகைக்குக் கிடைக்கும், பழைய சூட்டை விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தையல் பிரிந்திருக்கிறதா என்று மட்டும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஹெல்மெட்டையும் கையுறையையும் மட்டும் யாரிடமும் வாங்கிப் போடாமல் சொந்தமாகப் புதிதாக வாங்குங்கள். காற்று அளக்கும் கேஜ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கூடாரத்தில் கடன் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது.

அடுத்தது செட்டிபாளையம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இறுக்கமான வளைவுகள், சின்ன ட்ராக், எங்கள் சின்ன பைக்குகளுக்குப் பொருத்தமாக இருக்கும். மைத்துனன் தன் ஆர்15ஐ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறான், முதலில் தங்கச்சியிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். என் முன் டயரின் வலது ஓரம் வேறு தேய்ந்துபோய்க் கிடக்கிறது, சம்பளம் வந்ததும் முதல் வேலை அது.